முதிரை இருந்தால்தான் பட்டை மயில்

பூ நட்டால் வண்ணத்துப்பூச்சி வரும் என்று சொல்வதில் பாதிதான் உண்மை. பூவுக்கு வருவது தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும். முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, அடுத்த தலைமுறையும் அதே வளவில் பறக்க வேண்டுமென்றால் இலை வேண்டும். எந்த இலையென்றாலும் சரிவராது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக் காடுகளில் பறப்பவற்றில் இந்த விஷயத்தில் பிடிவாதம் கூடியது பப்பிலியோ கிரினோ. தமிழில் பட்டை மயில் என்று வைத்துக்கொள்ளலாம். இதன் புழுவுக்கு முதிரை மரத்தின் இலை வேண்டும். தேசி, தோடை, கறிவேப்பிலை, விளா எல்லாம் முதிரையின் குடும்பத்து மரங்கள்தான். ஆனாலும் அவற்றில் நீங்கள் காணும் புழு இதுவல்ல. அது பெரும்பாலும் எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவாகவோ, பின்சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை கொண்ட கறுப்பு பொலிற்றசின் புழுவாகவோ இருக்கும்.

இலங்கையில் வாலுள்ள இந்தப் பெரிய வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தில் 15 இனங்கள் இருக்கின்றன. பச்சைப் பட்டையோடு மின்னும் மயில் கூட்டத்தைச் சேர்ந்தது அவற்றில் கிரினோ ஒன்றுதான். தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் இது உண்டு. இதன் நெருங்கிய உறவான மலபார்ப் பட்டை மயிலைத்தான் கேரளம் 2018இல் தன் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது. அதன் பட்டை இன்னும் அகலம், ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்தோடு நின்றுவிடும். நம்முடையது வறண்ட சமவெளிக் காட்டுக்காரன்.

சிறகை விரித்தால் குறுக்களவு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் வரும். மேற்புறம் கறுப்பு, கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தக் கறுப்பு முழுக்கப் பச்சைத் துகள் தூவியிருக்கும். முன்சிறகில் ஒடுங்கிய ஒரு பட்டை தொடங்கி, பின்சிறகில் அகன்று முடியும். பின்சிறகின் உள்மூலையில் கருஞ்சிவப்பில் கண் போன்ற ஒரு புள்ளி, கரண்டி நுனி போல அகன்ற வால், அந்த வாலின் நுனியிலும் கொஞ்சம் பச்சை. அடிப்புறம் மங்கிய மண்ணிறம். சிறகை மூடிக்கொண்டு ஈர மணலில் இருந்தால் பக்கத்தில் போனாலும் கண்ணில் படாது. எழும்பும்போதுதான் அந்தப் பச்சை வெடிக்கும்.

அந்தப் பச்சை சாயமல்ல. இதே கூட்டத்தைச் சேர்ந்த, மலேசியா, பிலிப்பைன்ஸ் காடுகளில் பறக்கும் பாலினூரஸ் என்ற இனத்தின் சிறகுச் செதில்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்திருக்கிறார்கள். செதிலின் மேற்பரப்பு முழுவதும் ஒரு சில மைக்குரோமீற்றர் அகலமுள்ள கிண்ணக் குழிகள். குழியின் நடுவில் பட்டுத் திரும்பும் ஒளி மஞ்சள். சரிந்த ஓரத்தில் ஒருமுறை பட்டு, எதிர் ஓரத்திலும் பட்டுத் திரும்புவது நீலம். குழிகள் மிகச் சிறியவை என்பதால் நம் கண்ணுக்கு இரண்டும் கலந்து பச்சையாகத் தெரிகிறது. கிரினோவின் பட்டையும் பார்க்கும் கோணத்துக்கு ஏற்பப் பச்சைக்கும் நீலத்துக்கும் இடையில் மாறும். படம் எடுக்கிறவர்கள் சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, கமராவில் வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டை வெளிறிப்போகும். தேன் குடிக்கும்போதும் சிறகடிப்பை நிறுத்தாத பூச்சி இது. செக்கனில் 1000இல் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைவாக வைத்தால் சிறகு மங்கலாகத்தான் பதியும்.

கறுப்பையும் வாலையும் மட்டும் பார்த்து இனம் சொல்லக்கூடாது. உடம்பு சிவப்பாக இருந்தால் அது ரோசா வகை, நச்சுக் கொடியில் வளர்ந்தது. ரோசா வகையைப் போலவே சிறகில் சிவப்பும் வெள்ளையும் இருந்து உடம்பு மட்டும் கறுப்பாக இருந்தால், அதன் வேடம் போட்ட பெண் பொலிற்றஸ். வாலே இல்லாமல் பின்சிறகு சாம்பல் நீலமாக இருப்பது நீல மோமன். பச்சைப் புள்ளிகள் சிதறி, வேகமாக நெட்டிலிங்க மரத்தைச் சுற்றுவது அகமெம்னன். புள்ளியாக இல்லாமல் தொடர்ந்த பச்சைப் பட்டையும் நீண்ட வாலும் சேர்ந்திருந்தால் மட்டுமே கிரினோ.

இனி மரம். கதவு நிலைக்கும் கட்டிலுக்கும் முதிரை தேடும் ஊர் நம்முடையது. விஞ்ஞானப் பெயர் குளோரோசைலோன் சுவீடேனியா. தமிழ்நாட்டு வாசகர்கள் பொரசு என்று சொல்வார்கள். பாலை, வீரை, கருங்காலியோடு சேர்ந்து நம் வறள் வலயக் காட்டின் முதுகெலும்பு இது. காய்ந்த பலகை ஒரு கன மீற்றர் 900 கிலோவைத் தொடும். 1833இல் பேராதனையில் மகாவலிக்குக் குறுக்கே 205 அடி நீளத்தில் ஒற்றை வளைவாகக் கட்டிய பாலம் முழுக்க முதிரை. 1905 வரை நின்றது. இவ்வளவு நல்ல மரம் என்பதுதான் அதற்கு வந்த கேடு. மெதுவாக வளரும், வேகமாக வெட்டப்படும். 1998இலேயே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவாபத்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. கல்லோயாத் திட்டத்துக்காக 1950ஐ ஒட்டிய வருடங்களில் சேனநாயக்க சமுத்திர நீர்த்தேக்கம் எழும்பியபோது நீருக்குள் போனதும், வயலுக்காக வெளியாக்கப்பட்டதும் இந்த வகைக் காடுதான். மிஞ்சியதில் ஒரு பகுதி 1954இல் கல்லோயாத் தேசிய பூங்காவானது.

ஆகவே பட்டை மயிலைத் தேட வேண்டிய இடம் முதிரை நிற்கும் காட்டோரம். மட்டக்களப்பில் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையைத் தாண்டி உன்னிச்சை, உறுகாமம், குடும்பிமலைப் பக்கம். வடக்கே வாகரைக் காடு. அம்பாறையில் கல்லோயா, லாகுகலை, பொத்துவிலுக்குத் தெற்கே குமண வரைக்கும். கோடையில் ஆண்கள் ஈர மணலுக்கு இறங்கும். ஆறு வற்றி, நடுவில் மட்டும் நீர் கசியும் இடம், குளத்தில் மாடு இறங்கி மூத்திரம் பெய்த கரை, யானை இலத்தி நனைந்து கிடக்கும் மணல், இவைதான் நல்ல இடங்கள். அவை தேடுவது நீரை அல்ல, உப்பை. இலையில் கிடைக்காத சோடியத்தை மணலில் உறிஞ்சி, இணையும்போது பெண்ணுக்கும் அதில் ஒரு பங்கைக் கொடுக்கின்றன. காலை 9 மணியிலிருந்து வெயில் உச்சிக்கு ஏறும் வரை பார்க்கலாம். நிழல் மேலே விழாமல் குந்தி நகர்ந்தால் ஒரு முழத்துக்குள் போகலாம். நடந்து போனால் 5 மீற்றரிலேயே எழும்பிவிடும்.

வளவில் வளர்க்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் நடுவே எழுவான்கரையில் வீடு, சுற்றிலும் தென்னையும் மதிலும் என்றால் முதிரை நட்டுப் பட்டை மயிலுக்குக் காத்திருப்பது வீண். அங்கே தேசியும் கறிவேப்பிலையும் நடுங்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி தேடி வரும், அதுவும் அழகுதான். முதிரைக் காடு ஓரிரு கிலோமீற்றருக்குள் இருக்கும் வளவு, பாடசாலைக் காணி, கோயில் காணி, குளக்கட்டின் வெளிப்புறம், இவைதான் முயற்சிக்குத் தகுந்தவை.

முதிரைக் காய் முற்றினால் மண்ணிறமாகி மூன்றாக வெடிக்கும். ஒவ்வொரு அறையிலும் 1 முதல் 4 வரை இறகுள்ள விதை. வெடித்தால் காற்று கொண்டுபோய்விடும், ஆகவே வெடிக்கக் கொஞ்சம் முன் கொத்தாகப் பறித்து, உரப்பையில் பரப்பி, மேலே பழைய வலையைப் போட்டு நிழலில் காயவிட வேண்டும். விதையைச் சேமித்து வைத்து அடுத்த வருடம் போடலாம் என்று நினைக்கக்கூடாது. முளைக்கும் வீரியம் மாதக்கணக்கில் இறங்கிவிடும். மணல், மேல்மண், மக்கிய எரு மூன்றும் சம பங்கு. 6க்கு 9 அங்குலப் பொலித்தீன் பையில் அடியில் நாலு துளை. பை ஒன்றுக்கு 2 அல்லது 3 விதையைப் படுக்கையாக வைத்து, அரைச் சென்ரிமீற்றர் மணலால் மூடினால் போதும். ஆழமாகப் புதைத்த விதை வெளியே வராது. கிடுகு நிழலில் வைத்து, பூவாளியால் காலையில் மட்டும் நனைக்க வேண்டும். 2 தொடக்கம் 4 கிழமைக்குள் முளைக்கும், சில அதற்கும் பிந்தும். முளைத்தபின் சாகும் நாற்றுகளில் பெரும்பாலானவை தண்ணீர் கூடிச் சாகின்றன. தண்டு மண்ணோடு ஒட்டும் இடத்தில் கறுத்து, மடிந்து விழும். ஒரு பையில் அதைக் கண்டால் அந்தப் பையை அப்புறப்படுத்தி, மற்றவற்றுக்கு இரண்டு நாள் தண்ணீரை நிறுத்த வேண்டும்.

நடுகிற காலம் ஐப்பசி, கார்த்திகை. மாரி மழையின் தொடக்கம். ஒன்றரை அடிக் கன அளவில் குழி. பள்ளக் காணியென்றால் மண்ணை மேடாகக் கூட்டி அதன் மேல் நட வேண்டும். சரளை மண்ணும் வறட்சியும் முதிரைக்குப் பிரச்சினையில்லை, தேங்கிய நீர்தான் பகை. முதல் வருடத்தில் முழங்கால் உயரம் வந்தாலே நல்ல வளர்ச்சி. ஆடு, மாட்டுக்கு வேலி போதும். யானைக்கு என்ன செய்வது என்று படுவான்கரையில் யாரும் கேட்பதில்லை.

மரமாக்கிப் பலகை எடுப்பதற்கு நடுவது வேறு, வண்ணத்துப்பூச்சிக்கு நடுவது வேறு. இரண்டாவதற்கு 5 அடி இடைவெளியில் ஆறேழு கன்றுகளைச் சேர்த்து நட்டு, ஆள் உயரத்தைத் தாண்டியதும் நுனியைக் கிள்ளிக் கிளைக்கவிட வேண்டும். பெண் பூச்சி முட்டையிடுவது தளிரில். முற்றிய இலையை இளம்புழுவால் கடிக்க முடியாது. எல்லாக் கன்றையும் ஒரே நாளில் வெட்டினால் எல்லாம் ஒன்றாகத் தளிர்த்து ஒன்றாக முற்றிவிடும். மழைக்காலத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, 5 கிழமை கழித்து அடுத்த பங்கு என்று மாற்றிக்கொண்டே போனால் தளிர் தொடர்ந்து இருக்கும். வெட்டும்போது நீண்ட கைச்சட்டையும் கையுறையும் போடுங்கள். முதிரைத் தூள் பட்டால் தச்சர்களுக்குத் தும்மலும் சொறியும் வருவது இந்த மரத்தின் இரசாயனத்தால்தான். சிலருக்கு இலைச் சாறும் ஒத்துக்கொள்ளாது.

பெண் முட்டையிட வருவதைப் பறப்பிலேயே அறியலாம். ஆண் நேராகவும் வேகமாகவும் போகும். பெண்ணோ செடியைச் சுற்றிச் சுற்றி, தாழ்ந்து, ஒரு இலையில் இரண்டு செக்கன் தொட்டு, விட்டு, அடுத்ததில் தொடும். அந்த இரண்டு செக்கனில் முன்கால்களால் இலையைத் தட்டுகிறது. சுவையறியும் நுண்மயிர்கள் காலில்தான் இருக்கின்றன. இலையின் இரசாயனம் சரியென்றால் வயிற்றை வளைத்து ஒரேயொரு முட்டையை ஒட்டும். வெளிறிய மஞ்சள் உருண்டை, ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல். முதிரையின் சிற்றிலைகள் சிறியவை, நிறைய. நடுக்காம்பைப் பிடித்து இலையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தால் முட்டை நிழலாகத் தெரியும்.

கிழக்கின் வெப்பத்தில் இந்தக் குடும்பத்துப் பூச்சிகளுக்கு முட்டை 3 முதல் 5 நாள், புழு இரண்டரை மூன்று கிழமை, கூட்டுப்புழு ஏறத்தாழ இரண்டு கிழமை. பொரிக்கும் முன் முட்டையின் ஒரு பக்கத்தில் புழுவின் தலை கரும்புள்ளியாகத் தெரியும். முட்டை முழுவதும் தார் போலக் கறுத்துவிட்டால் உள்ளே இருப்பது புழுவல்ல, கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் குளவி. சின்னப் புழு பறவை எச்சம் மாதிரி மண்ணிறமும் வெள்ளையுமாக, ஒளியாமல் இலையின் மேலேயே கிடக்கும். கடைசிப் பருவத்தில் பச்சைக்கு மாறி நெஞ்சுப் பக்கம் தடிக்கும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற ஒரு கொம்பு வெளியே வரும், கூடவே நாற்றம். பெரிய புழுவில் அந்த நாற்றம் புளித்த கொழுப்பு அமிலங்களுடையது. எறும்பும் சிலந்தியும் விலகும், ஒட்டுண்ணி ஈ விலகாது.

செடியிலேயே விட்டால் பெரும்பாலானவை சாகும். அது இயற்கைக் கணக்கு. ஒன்றும் செய்யத் தேவையில்லை. ஆனால் செடி சின்னது, புழு கூட என்றால், அல்லது பாடசாலையில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் நாலைந்தை மட்டும் உள்ளே எடுக்கலாம். ஒன்றரை அடி உயரக் கூடு, சுற்றிலும் நுளம்பு வலை. முதிரைக் கொப்பைத் தண்ணீர்ப் போத்தலில் நிறுத்தி, வாயைப் பஞ்சால் இறுக்கி அடைக்க வேண்டும். இந்தப் பஞ்சை மறப்பதால்தான் அதிகம் புழு சாகிறது: தண்டு வழியே இறங்கிப் போய்த் தண்ணீரில் மூழ்கும். கொப்பைத் தினமும் மாற்ற வேண்டும், முதிரை இலை வேகமாக வாடும். மாற்றும்போது புழுவைக் கையால் பிடுங்கக்கூடாது. அது இருக்கும் சிற்றிலையைக் காம்போடு கத்தரித்துப் புதிய கொப்பில் வைத்தால் தானே ஏறிக்கொள்ளும். அசையாமல், தலை உள்ளிழுத்ததுபோல இருந்தால் தோல் உரிக்கப் போகிறது. ஒரு நாள் தொடவே வேண்டாம். இலைத் தேவையின் பெரும் பகுதி கடைசி ஐந்தாறு நாளில்தான் வரும். அதுவரை போதும் என்று பட்ட கொப்பு அப்போது ஒரு இரவுக்கே காணாது. தேசி இலையைக் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்கக்கூடாது.

எது கெடுக்கும்? முதலில் நுளம்புச் சுருள். நுளம்பைக் கொல்லும் பைரித்திரோயிட் புழுவையும் கொல்லும். சுருளோ திரவ இயந்திரமோ எரியும் அறையில் கூட்டை வைத்தால் காலையில் புழு துடித்துச் சுருண்டு கிடக்கும். டெங்குக்குப் புகையடிக்க வரும் நாளில் கூட்டை வீட்டின் உள்ளறைக்குக் கொண்டுபோய், யன்னலைச் சாத்தி, புகை அடங்கிய பின் வெளி இலையை நன்றாகக் கழுவிக் கொடுக்க வேண்டும். அடுத்தது ஈரம். எச்சம் தேங்கி, வலையில் நீர்த்துளி நின்றால் நோய் வரும். புழு தொய்ந்து, கறுத்து, நீராகக் கரைந்து தொங்கினால் அது தொற்று. அந்தக் கூட்டை முழுவதுமாக வெறுமையாக்கி, துணி வெளுக்கும் குளோரின் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகே திரும்பப் பாவிக்கலாம். கூட்டுப்புழுவிலிருந்து நூல்போல ஏதோ தொங்கி, கீழே வெள்ளைப் புழு நெளிந்தால் ஒட்டுண்ணி ஈ முந்திவிட்டது. வண்ணத்துப்பூச்சியின் புழு வெளியில் இருக்கும்போதே அந்த ஈயின் முட்டையை வாங்கியிருக்கும். அதனால்தான் பெரிய புழுவை விட முட்டையை எடுப்பது நல்லது.

கூட்டுப்புழுவாகும் முன் நீர்த்த கழிவை ஒருமுறை வெளியேற்றிவிட்டு அலையத் தொடங்கும். அது வயிற்றோட்டமல்ல, பயப்பட வேண்டாம். காய்ந்த குச்சிகளைச் சாய்த்து வையுங்கள். வால் நுனியைப் பட்டுப் பொட்டில் கொளுவி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு, தலை மேலே பார்க்கச் சாய்ந்து நிற்கும். நூல் அறுந்து கீழே விழுந்தால் கடதாசியால் ஒரு சின்னக் கூம்பு செய்து, தலை மேலே வரும்படி அதற்குள் இறக்கி, கூட்டின் சுவரில் ஒட்டிவிடலாம். கச்சான் காற்றுக் காலத்தில் காற்று மிக வறண்டிருக்கும். கூட்டுப்புழு காய்ந்து போகாமல் காலையில் வலைக்கு ஒருமுறை நீர் தெளித்தால் போதும். கோடையில் சில கூட்டுப்புழுக்கள் இரண்டு கிழமை தாண்டியும் அசையாமல் இருக்கும். எடை குறையாமல், நிறம் கறுக்காமல் இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.

வெளிவருவது பெரும்பாலும் காலையில். சிறகு முழுவதும் தொங்கி விரிய 10 சென்ரிமீற்றர் வெற்றிடம் கீழே வேண்டும். வழுக்கும் பிளாஸ்ரிக் சுவரில் ஏற முடியாமல் விழுந்தால் சிறகு சுருண்டபடியே காய்ந்துவிடும். பிறகு அதைத் திருத்த முடியாது. விழுந்த முதல் சில நிமிடங்களுக்குள் ஒரு கரடுமுரடான குச்சியில் ஏற்றினால் தப்பும். கீழே கொட்டும் செம்மண்ணிறத் திரவம் இரத்தமல்ல. மூன்று நாலு மணித்தியாலம் கழித்து, மழை இல்லாத நேரத்தில், முட்டை எடுத்த அதே இடத்தில் விட வேண்டும். நகரத்தில் விழாவுக்குப் பறக்கவிடுவது வண்ணத்துப்பூச்சிக்குச் செய்யும் நன்மையல்ல.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். தேசிய பூங்கா, சரணாலயம் எதிலிருந்தும் முட்டையோ புழுவோ எடுக்கக்கூடாது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பூச்சிக்கும் பொருந்தும். யாலைத் தேசிய பூங்காவில் வண்ணத்துப்பூச்சிகள் உட்பட நூற்றுக்கணக்கான பூச்சிகளோடு பிடிபட்ட இரண்டு இத்தாலியர்களுக்கு 2024இல் கொழும்பு நீதிமன்றம் விதித்த தண்டம் 6 கோடி ரூபா. முதிரைக் கன்றையும் ஒதுக்குக் காட்டிலிருந்து பிடுங்கி வராதீர்கள். சொந்தக் காணி மரத்தின் விதையே போதும்.

சொந்தக் காணியில் நிற்கும் முதிரையை வெட்டி ஏற்றுவதற்கும் அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பது கிழக்கில் எல்லோருக்கும் தெரியும். வெட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால் குற்றியை வேரோடு தோண்டாதீர்கள். தரையிலிருந்து ஒரு முழம் விட்டு, மழை நீர் வழியும்படி சரிவாக அறுத்து, மாரி தொடங்கும் முன் வெட்டினால் குற்றியிலிருந்தும் வேரிலிருந்தும் தளிர் கிளம்பும். அதில் நாலைந்தை விட்டு மற்றதைக் கிள்ளி, சுற்றி முள்ளைப் போட்டுவிட்டால் ஆடு தொடாது. ஆழமான வேர் ஏற்கெனவே இருப்பதால் அந்தத் தளிர் நாற்றை விட வேகமாக வளரும். பட்டை மயில் தேடுவதும் அந்த மாதிரி, கைக்கெட்டும் உயரத்துத் தளிரைத்தான்.